புல் வெளுத்த காலை

கோயம்புத்தூரில் உட்கார்ந்து சோலார் பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டு ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை வடிவமைக்கிற எங்களுக்குச் சூடுதான் எப்போதும் கவலை. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் போதுமா, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் எத்தனை வருஷம் தாங்கும், இதே பேச்சு. குளிரும் கணக்கில் வரவேண்டிய ஒன்று என்பது ஊட்டிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு தங்கும் விடுதியின் கூரை. டிசம்பர் பிறந்ததிலிருந்து இன்வெர்ட்டர் காலையில் ‘டிசி ஓவர்வோல்டேஜ்’, அதாவது பேனல் பக்க வோல்டேஜ் வரம்பு மீறியது என்று காட்டி நின்றுவிடும். ஒன்பது, ஒன்பதரைக்குத் தானாக ஓடும். போர்டு பழுது என்று நினைத்து, மாற்று போர்டோடு மலையேறினேன்.

அங்கிருந்த வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: “மப்பு போட்டிருந்தா ஒழுங்கா ஓடுது சார். புல்லு வெளுத்துக் கெடக்கிற அன்னைக்குத்தான் தகராறு.”

போர்டைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

மேகமில்லாத இரவில்தான் உறைபனி விழும். பேனல் குளிர்ந்தால் அதன் வோல்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம். ஒரே வரிசையில் 20 பேனல்கள், ஒவ்வொன்றும் 48 வோல்ட்: 25 டிகிரியில் 960. எங்கள் இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 1000. சமவெளியில் இது போதும். பேனல் பூஜ்யம் டிகிரிக்கு இறங்கினால் 1032 வரை போகலாம்.

இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கிவிட்டால் பேனலில் கரண்ட் எடுப்பதால் வோல்டேஜ் தானே இறங்கிவிடும். ஆனால் கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு, சேருவதற்கு முன் அது சற்றுநேரம் காத்திருந்து, லைனில் வோல்டேஜும் 50 ஹெர்ட்ஸும் சரியா என்று பார்க்க வேண்டும். அவ்வளவு நேரமும் பேனல்கள் சுமையில்லாமல் முழு வோல்டேஜில் நிற்கும். பனி உருகாத பேனல்மேல் கீழ்வானத்து வெயில் பளிச்சென்று விழுவதும் அந்த நேரத்தில்தான். இன்வெர்ட்டர் நின்றதோடு போயிற்று; உள்ளே கெப்பாசிட்டர் வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். 2000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து மின்காப்புத் திறன் குறைவதால், போர்டில் கம்பித்தடங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும். அதையும் நாங்கள் பார்த்திருக்கவில்லை. அந்த மாடலை அதன்பிறகு ஊட்டிக்கு அனுப்பவேயில்லை.

அன்று வரிசைக்கு ஒரு பேனலைக் கழற்றி 19 ஆக்கினோம். பூஜ்யத்திலும் 980 வோல்ட்தான். மறுநாள் விடியலில் புல் வெளுத்திருந்தது. அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். ஏழு மணி தாண்டியதும், இன்வெர்ட்டரை கிரிட்டோடு இணைக்கும் ரிலே ‘டக்’கென்று விழுந்தது.

“ஓடுது சார்,” என்றார்.