மாடியில் குடியேறிய ஆள்காட்டி

பதினெட்டு நாளாக எங்கள் வீட்டில் துணி காய்வது ஹாலில்தான். மின்விசிறிக்கு நேர் கீழே இவருடைய பனியன்கள், நாற்காலி முதுகு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, ஜன்னல் கம்பியில் சின்னவளின் சாக்ஸ். யாராவது வந்தால் ஈரப் போர்வையை விலக்கிக்கொண்டு குனிந்துதான் சோபாவை அடைய வேண்டும். "மாடி என்னாச்சு?" என்று கேட்டால் இவர் உதட்டில் விரலை வைத்து மேலே காட்டுகிறார், அங்கே ஏதோ பிரசவம் நடக்கிற மாதிரி.

நடக்கத்தான் நடக்கிறது. வீடு கட்டியபோது மிஞ்சிய சரளைக்கல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கொட்டி வைத்திருக்கிறாரே, 'எதுக்காவது ஆகும்' என்று பதினோரு வருஷமாக? ஆகிவிட்டது. ஒரு ஆள்காட்டிக் குருவி அதில் நாலு முட்டை இட்டிருக்கிறது. நாலும் கூர்முனையை உள்பக்கம் திருப்பிக்கொண்டு, மண் நிறத்தில், மேலே மசி தெறித்த மாதிரி கறுப்புத் திட்டுகளோடு. கூடு என்று ஒன்றும் கிடையாது. கல்லைக் கொஞ்சம் ஒதுக்கி நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான் குடித்தனம். ஒழுங்காக ஒரு மரத்தில் கட்டித் தொலைக்கக் கூடாதா என்றேன். அதற்குப் பின்விரல் பேருக்குத்தான் இருக்கிறதாம், கிளையைப் பிடித்து உட்கார வராதாம்.

சொன்னது இவர்தான். போன மாதம் வரை காக்காவுக்கும் அண்டங்காக்காவுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், இப்போது தனி நோட்டுப் போட்டு எழுதுகிறார். சிவப்பு மூக்கு ஆள்காட்டி. அறிவியல் பெயர் வனெல்லஸ் இண்டிகஸ். வனெல்லஸ் என்றால் லத்தீனில் சின்ன முறமாம், சிறகடிப்பது முறத்தால் புடைப்பதுபோல இருப்பதால். அடைகாலம் 28 முதல் 30 நாள். ரயில் தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியில்கூட முட்டையிட்டிருக்கிறதாம். ரயில் வந்தால் எழுந்து போய், கடந்ததும் திரும்பி வந்து உட்காருமாம். இதையெல்லாம் நான் துணி பிழியும்போது பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுகிறார். பிழிய ஒரு கை கொடுக்கலாமே என்று இன்னும் எந்தப் புத்தகத்திலும் அவருக்குத் தட்டுப்படவில்லை.

"பெண் பறவை எழுந்ததும் ஆண் பறவை வந்து உட்காருது பாரு. மத்தியான வெயில்ல வயித்து இறகை நனைச்சுக்கிட்டு வந்து முட்டையைக் குளிர வைக்குது பாரு."

"நான் பார்த்துட்டேன். நீங்க நல்லாப் பாருங்க" என்றேன்.

குருவி என்று வாய் சொல்கிறதே தவிர, மூக்கிலிருந்து வால் வரை ஒரு அடிக்கு மேல் இருக்கிறது. நெட்டை மஞ்சள் கால், கறுத்த கழுத்து, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதைத் துண்டு. இரவெல்லாம் தூங்காமல் யாரையோ வேவு பார்த்த கண் மாதிரி. முதல் நாள் விஷயம் தெரியாமல் பக்கெட்டோடு மேலே போனேன். நேராக என் தலைக்குக் குறி வைத்து இறங்கியது. பக்கெட்டைக் கவிழ்த்துத் தலையில் மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தபடியே இறங்கி வந்தேன். அந்தப் படத்தைச் சின்னவள் யார் யாருக்கு அனுப்பியிருக்கிறாள் என்ற கணக்கு இன்னும் முடியவில்லை.

அடுத்தது சத்தம். பறவைச் சத்தத்தில் பால்யம் திரும்பி வந்தது என்று எழுதுகிறவர்களை நானும் படித்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் குயில், மைனா, குறைந்தபட்சம் ஒரு வானம்பாடி. எனக்கு வாய்த்ததைப் பாட்டு என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. பூட்டிய கதவைக் கடன்காரன் தட்டுகிற மாதிரி ஒரு தாளம், விடாமல், நிறுத்தாமல். நமக்கெல்லாம் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். இதற்கு உடம்பே ஆள்காட்டி. பூனை நடந்தால் சொல்லும், நாய் நடந்தால் சொல்லும், நாம் நம் வீட்டு மாடியில் நம் துணியைக் காயப்போடப் போனாலும் ஊருக்கே சொல்லும்.

முந்தாநாள் இரவு இரண்டு மணி. திடீரென்று கத்தத் தொடங்கியது. ஒன்று கத்த, இன்னொன்று சேர்ந்துகொள்ள, இவர் துள்ளி எழுந்து "திருடன்!" என்றார். பறவையியல் எல்லாம் பகலோடு சரி. இவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாமா கம்போடு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் கிரிக்கெட் மட்டையோடு வந்தான். "எந்தப் பக்கம் ஓடினான்?" என்று மாமா கேட்க, இவர் ஆளைப் பார்த்தவர் போல இரண்டு பக்கமும் கை காட்டினார். சின்னவள் மட்டும் நிதானமாகக் கைப்பேசியை நீட்டி, குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைத் தட்டினாள். "சிவப்பு மூக்கு ஆள்காட்டி" என்று அறிவித்தாள். ஆகா, என்ன கண்டுபிடிப்பு! டார்ச் அடித்துப் பார்த்தால் மதில்மேல் அந்தச் சாம்பல் பூனை, இத்தனை பேரை எதிர்பார்க்காத முகத்தோடு.

எல்லோரும் போய்ப் படுத்த பிறகும் அது அடங்கவில்லை. பூனை எப்போதோ போய்விட்டது. இது மட்டும் நடந்ததை விசாரித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தூக்கம் போனது போனதுதான்.

ஏனென்றால் இதே சத்தத்தை இதே மாதிரி இருட்டில் படுத்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் முன்னால்.

பழைய வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியைப் பற்றி நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன். மழைக்கு அப்புறம் முழங்கால் வரை புல் நிற்கும். வானம்பாடியும் அங்கே இருந்தது, இல்லாமல் இல்லை. கண்ணுக்குப் புள்ளியாகிற வரை மேலே ஏறி, அங்கேயே சிறகடித்து நின்றபடி மூச்சு விடாமல் பாடும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். புல்வெளியின் உண்மையான அதிகாரி ஆள்காட்டிதான். கண்ணாமூச்சியில் நான் எங்கே ஒளிந்தாலும் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தும். தம்பி தேடவே மாட்டான். ஓரமாக உட்கார்ந்து, குருவி எங்கே கத்துகிறதோ அங்கே நேராக நடந்து வந்து "அவுட்" என்பான்.

ஒரு நாள் அது சிறகு ஒடிந்த மாதிரி தரையில் இழுத்து இழுத்துப் போனது. நான் வைத்தியம் பார்க்கப் பின்னாலேயே போனேன். பாவாடையை விரித்து அமுக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் இரண்டடி தள்ளி நொண்டும். புல்வெளியின் மறுகோடி வரை கூட்டிக்கொண்டு போய், முள்ளுக்குள் நான் சிக்கியதும், ஒன்றுமே நடக்காததுபோல் ஜிவ்வென்று பறந்துவிட்டது. முட்டையிலிருந்து என்னைத் தள்ளிக்கொண்டு போகத்தான் அத்தனை நடிப்பும். அதற்கப்புறம் பிடிவாதமாக அரை நாள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, அது திரும்பி வந்து உட்காரும் இடத்தைக் கண்டுபிடித்தேன். நாலு முட்டை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் ரேங்க் கார்டு வந்தது. ஆறாம் வகுப்பு, கணக்கில் 27.

எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் அம்மாவின் கண்ணுக்குப் போகாமல் அப்பாவின் பேனாவுக்குப் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே யோசித்தேன். 27 வாங்கிய மூளைதான், ஆனாலும் யோசித்தது. முட்டை இருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு தட்டைக் கல். அதற்கடியில் கார்டை வைத்துவிட்டேன். யார் கிட்டே வந்தாலும் குருவி கத்தும். காசில்லாமல் காவலுக்கு ஆள் போட்டாயிற்று. நான் வைக்கும்போதும் அது தொண்டை கிழியக் கத்தியதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குதான் வராதே.

அன்று ராத்திரி வெகுநேரம் கத்தியது. "யாரோ குறுக்கே போறாங்க போல" என்று அம்மா புரண்டு படுத்தாள். நான் போர்வைக்குள் உறைந்துபோய்க் கிடந்தேன்.

விடிந்ததும் ஓடினேன். கல் இருந்தது, கார்டும் இருந்தது. ஆனால் அது ஒரு பாலிதீன் உறைக்குள் இருந்தது, வாய் இரண்டாக மடிக்கப்பட்டு. வெளியே பனி முத்து முத்தாக நின்றது, உள்ளே கார்டு மொறமொறவென்று காய்ந்திருந்தது. 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து, அடியில் அவர் வழக்கமாக வைக்கும் இரண்டு புள்ளிகளோடு.

தம்பிதான், சந்தேகமே இல்லை. எட்டு வயசிலேயே அம்மாவின் கையெழுத்தைத் தன் டைரியில் போட்டு மாட்டியவன். அந்த இரண்டு புள்ளியைக்கூட விடவில்லையே என்று அசந்துபோனேன். இதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குற்றவாளிகளுக்குள் பேச்செதற்கு? அவன் அழுதுகொண்டே இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தான். நோட்டை வாங்கி நான் எழுத ஆரம்பித்தேன். அந்த வருஷம் முழுக்க எழுதினேன். 'இனிமேல் வகுப்பில் பேசமாட்டேன்' என்று ஆயிரக்கணக்கான முறை எழுதியிருப்பேன், அதுவும் அவனுடைய கோணல் கையெழுத்தில். அவன் பேச்சை நிறுத்தவே இல்லை.

சரி, முந்தாநாளுக்கு வருகிறேன். தூக்கம் போன பிறகு ஹாலுக்கு வந்து, ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டேன். அவன் இருக்கும் இடத்தில் அப்போது சாயங்காலம். கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே பிடித்தேன்.

"ஐயோ, ஆக்காட்டி!" என்றான். "இன்னும் உயிரோட இருக்கா அது?"

"அது இல்லடா, வேற. டேய், அந்தக் கையெழுத்தை எப்படிடா போட்டே? ரெண்டு புள்ளியோட?"

"எந்தக் கையெழுத்து?"

முழுக் கதையையும் சொன்னேன். கல், கார்டு, உறை, 27. கேட்டுக்கொண்டே இருந்தவன், "அக்கா, எனக்கு எட்டு வயசு. ராத்திரியில நான் வாசப்படி தாண்டி ஒண்ணுக்குக்கூட போகமாட்டேன். புல்லுக்குள்ள எங்கே போவேன்?" என்றான்.

"அப்போ இம்போசிஷன்?"

"அது நீ பாசத்துல எழுதித் தர்றேன்னு இல்ல நினைச்சேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த உறை ஞாபகம் வந்தது. கார்டு நனைந்துவிடுமே என்று எட்டு வயசுப் பையனுக்கா தோன்றும்? சைக்கிளில் அந்தப் புல்வெளி ஓரமாகத்தான் அப்பா தினமும் வேலை முடிந்து வருவார். குருவி அப்படிக் கத்தினால், யார் அங்கே குனிந்துகொண்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலா இருந்திருப்பார்? அப்புறம் அம்மா தூங்கும்வரை காத்திருந்து, டார்ச்சும் பேனாவும் ஒரு பாலிதீன் உறையும் எடுத்துக்கொண்டு, தலைக்கு மேலே அது வட்டமடித்துக் கத்தக் கத்த, செருப்பைக் கையில் பிடித்தபடி... செருப்பை எல்லாம் நான் பார்க்கவில்லை. ஆனால் அப்பா அப்படித்தான் போயிருப்பார். அம்மாவுக்கு எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்தவர். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலாண்டு அரையாண்டு என்று அத்தனை கார்டையும் அம்மா முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, முதல் தடவை பார்க்கிறவர் போலவே கையெழுத்துப் போட்டார்.

"அக்கா, இருக்கியா?"

"ம்."

"அந்த இம்போசிஷனை எல்லாம் இப்போ திருப்பிக் கேப்பியா?"

வை போனை என்று வைத்துவிட்டேன்.

இவருடைய நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. 'குரல்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இட்டிருந்தார். வெள்ளைக்காரர்களுக்கு இதன் கூப்பாடு 'டிட் ஹி டூ இட்? டிட் ஹி டூ இட்?' என்று கேட்டதாம். அதாவது, அவனா செஞ்சான்? அவனா செஞ்சான்?

மேலே மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை எனக்கும் அப்படியேதான் கேட்டது.

"இல்லை" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. பகலில் பத்து தடவை கூப்பிட்டாலும் காதில் விழாத அம்மா, "யாருடி அது இந்நேரத்துல? என்ன இல்லை?" என்றாள்.

எழுபத்தெட்டு வயசு. இருந்தாலும் 27 என்பது 27தானே.

"ஒண்ணுமில்லம்மா. பூனை."