அந்தரத்தில் தொங்கிய கூடை

இரவெல்லாம் ஐப்பசி மழை. காலை ஆறரைக்குத் தஞ்சாவூரில் எங்கள் லேபைத் திறந்ததும், நோயாளிகளின் திசுவை ராத்திரி முழுக்க ஜாடி ஜாடியாக முக்கி எடுக்கும் பிராசஸர் மெஷினைப் பார்த்தேன். திசுத் துண்டு வைத்த சின்னப் பெட்டிகள், அதாவது 27 கேசட் கொண்ட கூடை எந்த ஜாடியிலும் இல்லை. கடைசி ஆல்கஹாலிலிருந்து தூக்கிய மெஷின், அடுத்த ஜாடியான சைலீனில் இறக்காமல் அப்படியே நின்றுவிட்டது.

70% ஆல்கஹாலுக்குள் நின்றிருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். காற்றில் தொங்கினால் திசு காய்ந்துவிடும்.

கர்ப்பப்பை, பித்தப்பை பற்றிக் கவலை இல்லை. திசுவைக் கெடாமல் வைக்கும் பார்மலின் டப்பாவில் மீதி இருக்கிறது, திரும்ப வெட்டிக்கொள்ளலாம். எண்டோஸ்கோபி பீஸ் 4 இருந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. ரவை அளவுதான், அவ்வளவையும் கேசட்டில் போட்டிருந்தோம். அதில் ஒருவர் பாபநாசம் பக்கமிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து குழாய் விழுங்கிய அம்மா. அவரை மறுபடியும் எப்படிக் கூப்பிடுவது?

பேத்தாலஜிஸ்ட் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"சாண்டிசன் கலந்து ஊறப் போடுங்க தம்பி. அவசரப்படாதீங்க, நான் வந்துடறேன்."

ஆல்கஹால் 30 மில்லி, 1% பார்மலின் 50, 5% சோடியம் கார்பனேட் 20. எகிப்து மம்மிகளின் திசுவை ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க, 1955-இல் சாண்டிசன் எழுதிய முறை இது. ஆயிரக்கணக்கான வருஷம் காய்ந்ததே இளகியிருக்கிறது, ஒரு ராத்திரி காய்ந்தது இளகாதா என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

கேசட்டைத் திறந்தபோது பீஸ் வெயிலில் போட்ட வற்றல்போல ஓரம் சுருண்டு, பழுப்பேறிக் கிடந்தது. பென்சிலில் எழுதிய நம்பர் மட்டும் அழியவில்லை. ஒரு மணி நேரத்தில் சுருள் விரிந்தது. மதியம் ஃபோர்செப்ஸ் நுனியால் லேசாகத் தொட்டேன், மெத்தென்று அமுங்கி எழுந்தது. அப்புறம்தான் டீ குடிக்கப் போனேன்.

மறுபடி மெஷினை நம்பவில்லை. 70%-இல் தொடங்கி ஆல்கஹால், சைலீன், 60 டிகிரி மெழுகு என்று ஒவ்வொன்றாகக் கையாலேயே மாற்றினேன். மெழுகுக் கட்டியில் பதித்து பிளாக் போட்டு முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது.

மறுநாள் பிளாக்கை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோமில் சீவல்கள் ரிப்பன்போல உடையாமல் வந்தன. ஸ்லைடைப் பார்த்த மேடம், "நியூக்ளியஸ் கொஞ்சம் சுருங்கியிருக்கு, ஆனா சுரப்பியெல்லாம் தெரியுது, படிக்கலாம்" என்றார். திசு காய்ந்து மீட்கப்பட்டது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்க்கவும் சொன்னார். அது சரிதான், பார்க்கிற டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

நாலு பேரில் யாரையும் திரும்ப வரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.