அப்பப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப்: கடைசி மூன்று வாரம்

என்ஜின் ஓடத் தொடங்கியதும் பழைய பிக்கப்பைத் திருத்தும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப், அப்பப்பா சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிய வாகனம். தகர வேலை, 948 சிசி என்ஜின், பிறேக் எல்லாம் முடிந்து, பச்சைப் பெயின்ற் அடித்து முற்றத்துக்கு வந்த பிறகும் மூன்று வாரம் வேலை இருந்தது.

முதல் சிக்கல் பின் லைற். மங்கலாக எரிந்தது. பிறேக்கை மிதித்தால் சிக்னலும் சேர்ந்து மினுங்கியது. வயறிங் முழுக்கப் புதுசு, பல்ப்பும் புதுசு. இரண்டு நாள் வயர் வயராகப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: பிழை பெயின்றில். ஏர்த், அதாவது பற்றறிக்குத் திரும்பும் கரண்ட், தகரத்தின் வழியாகத்தான் போகிறது. லைற் பூட்டும் இடத்தில் தடிப்பாகப் பெயின்ற் இருந்தால் அதற்கு வழி ஏது? ஸ்குறூ இறங்கும் இடத்தை மட்டும் சுரண்டி, துரு பிடிக்காமல் கொஞ்சம் வாஸ்லின் தடவிப் பூட்டினேன். உடனே பளிச்சென்று எரிந்தது. பழைய வாகனத்துக்குப் புதுப் பெயின்ற் அடிப்பவர்கள் லைற்றில் குழப்பம் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொன்று, இதில் பற்றறியின் பிளஸ் பக்கம்தான் வாகனத்தின் தகரத்துக்குப் போகும். இப்போதைய வாகனங்களுக்கு நேர்மாறு. நாளைக்கு யாராவது பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிடக்கூடாது என்று, பற்றறிக்குப் பக்கத்தில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

முன் கண்ணாடிக்கு ஒரு காலை போனது. றப்பரை வெயிலில் போட்டு இளக்கி, அதன் விளிம்புக்குள் நூல் கயிறு சுற்றி, சவர்க்காரத் தண்ணீர் தடவி, தம்பி வெளியே நின்று அமத்த, நான் உள்ளே இருந்து கயிற்றை மெல்ல இழுத்தேன்.

அப்புறம் அந்த இரண்டு ஓட்டைகள். பொனெற்றுக்குள், பின் தகரத்தில் பக்கத்துப் பக்கமாக இருந்தன. தகர வேலை செய்தவர் அடைத்துவிடுவோமா என்று கேட்டபோது அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் குளிர்ந்த என்ஜின் மண்ணெண்ணெய்க்கு மசியாது. கார்புரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மாற்ற வேண்டும். அந்தப் பெற்றோல் போத்தலைத் தாங்கிய தகடு பூட்டிய ஓட்டைகள் அவை. அப்பா தன் கையால் துளைத்தது. ஓரத்தைத் தேய்த்துப் பெயின்ற் அடித்து, அப்படியே விட்டுவிட்டோம். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

போன ஞாயிறு காலை அப்பாவைப் பக்கத்துச் சீற்றில் இருத்திச் சாவியைத் திருப்பினேன். பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடித்து, மெல்ல மெல்லக் குறைந்தது. நான் ஸ்டார்ட்டர் குமிழில் கை வைத்ததும் அப்பா தடுத்தார்.

"பொறு தம்பி. கார்புரேற்றர் நிரம்பட்டும்."

சத்தம் நின்றது.

"ம், இப்ப இழு."

சுன்னாகம் வரைக்கும் போய் வந்தோம். வலப்பக்கக் கதவுக் கண்ணாடி இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. அதற்குரிய றப்பர் கொழும்பிலிருந்து வரவேண்டும்.