காது மெஷினும் நம்ம ஊர் உப்புக்காற்றும்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் போட்ட பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்களுக்காகத்தான் இது. எங்கள் அம்மா மீன் விலை பேசுவதே அந்த மெஷினை நம்பித்தான்.

நம் கடலோரத்தில் அதற்கு முதல் எதிரி ஈரம். வியர்வையும் உப்பும் சேர்ந்து பேட்டரி தொடும் இடத்தை அரித்துவிடும். ராத்திரி கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்தபடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பேட்டரியைத் தனியே எடுத்துவிடுங்கள். ஜெல் அதையும் உலர்த்தி ஆயுளைக் குறைத்துவிடும்.

காதுக்குள் போகும் அச்சைக் குழாயோடு பிரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். மெஷின் மேல் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. குழாய்க்குள் நீர் நின்றால் சத்தம் அடைத்துக்கொள்ளும். ஊதி வெளியேற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். குழாய் மஞ்சளாகி விறைத்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

பேட்டரி, காற்றுப்பட்டு வேலை செய்யும் ஜிங்க்-ஏர் வகை என்றால், ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடமாவது காற்றுப்பட விட்டு, அப்புறம் போடுங்கள். ஸ்டிக்கர் நிறம் பேட்டரி அளவைச் சொல்லும்: ஆரஞ்சு என்றால் 13-ம் நம்பர், நீலம் என்றால் 675. பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மெஷின் கூ என்று கத்துகிறதா? பெரும்பாலும் அச்சு சரியாக உட்காரவில்லை, இல்லை காதில் குறும்பி அடைத்திருக்கும். "வயசாச்சு, இனி எதுக்கு" என்று அலமாரியில் போடாமல், காது டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.