இடையில் எழுந்து போகாத இரவுகள்

பிள்ளை பெற்றவர்களிடம், முன்பிருந்த வாழ்க்கையில் எதற்காக ஏங்குகிறீர்கள் என்று கேட்டால், சினிமா, வெளியூர்ப் பயணம், தூக்கம் ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு, 'ஆனாலும் குழந்தை முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும்' என்று உடனே சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு எல்லாம் மறந்துவிடவில்லை. மகளுக்கு மூன்று வயது நடக்கிறது. அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறேன். அவள் பிறப்பதற்கு முன்பு என்னிடம் இருந்த ஒன்று இன்று என்னிடம் இல்லை என்பதையும் அன்றாடம் உணர்கிறேன். தொடங்கிய ஒரு காரியத்தில், அது நடையோ வாசிப்போ பேச்சோ எதுவானாலும், இடையில் எழுந்து போகாமல் கடைசிவரை இருக்க முடிந்ததே அது.

திருமணமான புதிதில், பௌர்ணமி வார இறுதியை ஒட்டி வந்துவிட்டால் நானும் கணவரும் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிடுவோம். மாலை ஐந்து மணிக்கு அவர் போனில் 'போலாமா?' என்று கேட்பார். அதுதான் மொத்தத் திட்டமும். அலுவலகத்திலிருந்து நேராகச் சென்னை கோயம்பேடு பேருந்து நிலையத்துக்குச் சென்று, கிடைத்த சிறப்புப் பேருந்தில் ஏறி, நள்ளிரவை ஒட்டி இறங்கி, செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ராஜகோபுரத்தின் எதிரே கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்குவோம். மலையைச் சுற்றும் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை வழியில் எட்டு லிங்கங்கள். யம லிங்கம் வரைக்கும் வீட்டு வாடகை, மேலதிகாரி, உறவினர் வீட்டுத் திருமணம் என்று பேச்சு ஓடும். நிருதி லிங்கத்தைத் தாண்டியபின் பேச விஷயம் தீர்ந்துவிடும். உள்ளங்காலில் சிறு கற்கள் உறுத்த, பகல் வெயிலின் சூடு இன்னும் முழுதாக ஆறாத தார்ச்சாலையில், கூட்டத்தின் நடுவே ஒருவர் பக்கத்தில் ஒருவராக வெறுமனே நடப்போம். எங்கள் திருமண வாழ்வில் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்துகொண்ட நேரம் எது என்று கேட்டால், பேச்சே இல்லாத அந்தப் பத்துக் கிலோமீட்டரைத்தான் சொல்வேன். அங்கே எங்களை அவசரப்படுத்த எதுவும் இல்லை; திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியவர் என்று வீட்டில் யாரும் இல்லை.

சென்ற ஆண்டு குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடியும் போனோம். பால் குடித்தாளா, தூங்கினாளா, காய்ச்சல் இல்லையே என்று லிங்கத்துக்கு லிங்கம் போனை எடுத்துப் பார்த்தபடியே நடந்தேன். அடி அண்ணாமலையை நெருங்கும்போது அம்மாவே அழைத்து, 'முழிச்சுட்டு அம்மா எங்கன்னு அழுவறா, பயப்படாத, நான் பாத்துக்கறேன்' என்றார். அதற்குமேல் எனக்குக் கால் எழவில்லை. ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிட்டோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் பழைய நேரம் அப்படியே திரும்பிவிடும் என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். நான் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். என் காது வீட்டிலேயே இருந்தது.

தூக்கமும் இதே கதைதான். பிறந்த குழந்தைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் வேண்டும். முதல் சில வாரங்களில் அதற்கு இரவு பகல் வேறுபாடும் தெரியாது. ஜெர்மனியில் 4,600-க்கும் மேற்பட்ட பெற்றோரின் தரவுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் மூன்று மாதங்களில் தாய்மார் கர்ப்பத்துக்கு முன்பைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரமும் தந்தையர் ஏறத்தாழ கால் மணி நேரமும் குறைவாகத் தூங்கியதாகச் சொல்கிறது. முதல் குழந்தைக்குப் பிறகு ஆறு ஆண்டுகள் வரை பெற்றோரின் தூக்கம் பழைய அளவுக்கும் நிறைவுக்கும் முழுமையாகத் திரும்பவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. 'ஒரு வயசு ஆனா சரியாப் போயிடும்' என்று எல்லோரும் சொல்லி, ஒரு வயதைத் தாண்டியும் சரியாகாமல் போனபோது, குறை என்னிடம்தான் இருக்கிறதோ என்று மருகிய இரவுகள் உண்டு.

ஒரே வீட்டில் இருந்துகொண்டே கணவருக்காக ஏங்குவது இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருக்கிறது. தடுப்பூசி அட்டை எங்கே, நாளைக்கு பிளே ஸ்கூலில் யார் விடுவது, டயப்பர் தீர்ந்துவிட்டதா என்று நாள் முழுதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அன்று ரயிலில் பார்த்த ஒரு மனிதரைப் பற்றி அவர் தொடங்கும் கதை 'அப்பா, இங்க பாரு' என்ற குரலில் நின்றுபோகிறது. அவள் தூங்கியபின் அதைத் தொடர இருவருக்கும் தெம்பு இருப்பதில்லை.

இதையெல்லாம் வெளியே சொல்வது எளிதல்ல. திருமணமாகிச் சில ஆண்டுகள் எங்களுக்குக் குழந்தை இல்லை. எந்த வீட்டு விழாவுக்குப் போனாலும் 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்ற கேள்வி இலை போடும் முன்பே வந்துவிடும். இன்று அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஊசி போட்ட வலியோடு வந்து உட்காருகிறவரிடம் என் தூக்கத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் உறவினர் ஒருவர், 'பிள்ள பெத்தவ பேசற பேச்சா இது?' என்று அதட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லையே.

அம்மாவின் தலைமுறைக்கு இந்த ஏக்கம் இருந்திருக்காது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அவர் செய்யாறு பக்கம். பதினெட்டில் திருமணம், அடுத்த ஆண்டே நான். இழப்பதற்கென்று தனி வாழ்க்கை அமையும் முன்பே தாயாகிவிட்டவருக்கு என்ன ஏக்கம் இருந்துவிடப் போகிறது என்று எண்ணிக்கொண்டுதான் கேட்டேன். யோசிக்காமல், 'கூத்து' என்றார். அவர் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் மகாபாரதக் கதையை இரவு முழுதும் கூத்தாக ஆடும் பாரத விழா நடக்கும்போது, தோழிகளோடு சாயங்காலமே போய் முன்வரிசையில் பாய் விரித்து இடம் பிடித்து, பொழுது விடியும்வரை கண்கொட்டாமல் பார்ப்பாராம். நான் பிறந்தபின் மடியில் என்னைப் போட்டுக்கொண்டு உட்காருவார். மத்தளம் உச்சத்துக்குப் போகும்போது நான் அலறிக்கொண்டு விழித்துவிடுவேன். 'கர்ணன் சாவற கட்டத்த அதுக்கப்புறம் நான் பாத்ததே இல்லம்மா. பாதியில எழுந்து வூட்டுக்கு வந்துடுவேன். தூரத்துல பாட்டு மட்டும் கேக்கும்.' இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, 'யார் கேட்டாங்க?' என்றார்.

எங்கள் அப்பா கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் வருவாராம். அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது மனதில் தங்கிவிட்டது. 2019-இல் எடுக்கப்பட்ட இந்தியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் அது 299-க்கு 97. மகப்பேறு விடுப்பு 2017 சட்டத் திருத்தத்தால் 26 வாரமானது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயமாக்கப்பட்டது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத் தந்தைக்கு அப்படி ஒரு விடுப்பைச் சட்டம் தரவில்லை. என் கணவர் சேர்த்து வைத்திருந்த சொந்த விடுப்பை எடுத்துக்கொண்டுதான் எங்களோடு இருந்தார். பிறந்த நாள் முதலே இருவரும் சேர்ந்து வளர்க்கும்படி விடுப்பு அமைந்தால், ஒருவரே முழுமையாக இழக்கும் நிலை வராது என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போதைக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒரு ஞாயிறு காலை முழுவதும் எனக்கு, அடுத்த ஞாயிறு அவருக்கு. வெளியே போகிறவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், எடுத்த நாவலைப் பசி வரும்வரை கீழே வைக்காமல் படிக்கிறேன். முதல் சில முறை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது பக்கங்கள் ஓடுகின்றன. இருவரும் சேர்ந்து போகும் நேரம் இன்னும் கைகூடவில்லை. அதற்கு அம்மா வர வேண்டும். அவரும் அழைத்தவுடன் பை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறார். இந்த ஆண்டு பாரத விழா நடக்கும் நாட்களில் மட்டும், எங்களுக்கு எவ்வளவு அவசரமானாலும் அவரைச் சென்னைக்குக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.