டிகாஷன் இறங்குவதற்குள் ரேடியோ

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினால் டிகாஷன் முழுக்க இறங்க இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் ரேடியோவை இரைச்சலில்லாமல் ஓர் இடத்தில் உட்கார வைத்துவிடலாம். திருச்சி வானொலி கரகரவென்று கேட்கிறதே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். கோளாறு பெரும்பாலும் நம் வீட்டுக்குள்தான்.

முதலில் ஃபில்டர். இரண்டு டம்ளர் காபிக்குக் குவித்த மூன்று ஸ்பூன் தூள், ஏறக்குறைய 25 கிராம், அதற்கு 150 மில்லி தண்ணீர். தூளே தன் எடையைப்போல் இரண்டு பங்கு நீரைக் குடித்துக்கொள்ளும், மீதி நூறு மில்லிதான் கீழே வரும். சிக்கரி 20 சதவீதம் போதும். ஏறினால் நிறம் வரும், மணம் போகும். சிக்கரி நனைந்ததும் ஊதிக்கொள்வதால் சொட்டுவதும் மந்தமாகும். தூளைக் குடை மாதிரி இருக்கும் அமுக்கியால் லேசாக அமர்த்தினால் போதும். குத்தி இறுக்கினால் அரைமணி கழித்தும் மேல்பாத்திரத்தில் தண்ணீர் அப்படியே நிற்கும். அமர்த்தாமலே விட்டால் ஐந்து நிமிஷத்தில் வெறும் பழுப்புத் தண்ணீர் இறங்கிவிடும். ஓட்டை அடைத்திருந்தால் எவர்சில்வர் ஃபில்டரை அடுப்புத் தணலில் காட்டி எரித்துத் தட்டலாம். பித்தளை ஃபில்டரில் அதைச் செய்யவே கூடாது, உள்ளே பூசிய வெள்ளீயம் உருகிவிடும்.

இப்போது ரேடியோ. 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையம் மீடியம் வேவில் 936 கிலோஹெர்ட்ஸ். முள் வைத்த பழைய செட்டில் 80-க்கும் 100-க்கும் இடையில், 100-ஐ ஒட்டினாற்போல் இருக்கும். டிஜிட்டல் செட் வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கக் கணக்கில் அது பத்துப் பத்தாகத் தாவும். 930 வரும், 940 வரும், 936 வரவே வராது. நம் ஊரில் ஒன்பது ஒன்பதாகத்தான் அலைவரிசை. செட்டிங்கில் 9-க்கு மாற்றினால் சரியாகிவிடும்.

மீடியம் வேவுக்கு வெளியே நீட்டும் ஆன்டெனா உதவாது. உள்ளே செட்டின் நீளவாக்கில் படுத்திருக்கும் கறுப்பு ஃபெரைட் கம்பிதான் வேலை செய்கிறது. கம்பியின் பக்கவாட்டில் வரும் அலையை அது நன்றாகப் பிடிக்கும், இரு முனைகளின் திசையில் வருவதைப் பிடிக்காது. தஞ்சாவூரோ கும்பகோணமோ மன்னார்குடியோ, திருச்சி நமக்கு மேற்கே. ஆகவே ரேடியோவின் முகம் மேற்கையோ கிழக்கையோ பார்க்கட்டும். இரைச்சல் கிளப்பும் சாமான் வடக்கிலோ தெற்கிலோ வருமாறு மேஜையைத் தள்ளிப் போட்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

எந்தச் சாமான் என்று கண்டுபிடிப்பது சுலபம். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் நின்றதா? பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்க்கலாம். மலிவான எல்இடி பல்பும் மொபைல் சார்ஜரும்தான் முதல் குற்றவாளிகள், அடுத்தது இன்வெர்ட்டர். சார்ஜர் மாதிரி எடையில்லாத அடாப்டரில் ரேடியோவை ஓட்டினால் இரைச்சலை நாமே உள்ளே ஊற்றுகிறோம் என்று அர்த்தம். பேட்டரிதான் சுத்தம். அதுவும் பழையதையும் புதியதையும் கலக்காமல். உரக்கப் பேசும் இடத்தில் மட்டும் குரல் உடைந்தால் பேட்டரி தீரப்போகிறது. வாரம் ஒருமுறைதான் கேட்பீர்கள் என்றால் கழற்றி வைத்துவிடுங்கள். ஒழுகினால் ஸ்பிரிங் பச்சை பூத்துப் போகும்.

விடிவதற்கு முன் தூரத்து நிலையங்கள் மேலே வந்து மோதும். வெயில் ஏறினால் தானே ஒதுங்கும். திருச்சி மட்டும் தரையோடு வருவதால் நிற்கும். ஈரமான வயல்மண் அந்த அலைக்கு நல்ல பாதை. டெல்டாவுக்கும் ரேடியோவுக்கும் உள்ள உறவு அப்படி. 1960-களில் ஏடிடீ 27 ரகத்துக்கு வானொலியில் கேட்டுப் பயிரிட்டதாலேயே ரேடியோ நெல் என்று பெயர் விழுந்தது.

எஃப்எம்மில் வேறு தொல்லை. காரைக்கால் 100.3, கொடைக்கானல் 100.5. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய ஊர்களில் மலிவு செட் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிக் காட்டும். ஆன்டெனாவை முக்கால் மீட்டர் நீட்டிக் கிழக்கு ஜன்னலில் வைத்தால் காரைக்கால், மேற்கு ஜன்னலில் கொடைக்கானல், பெரும்பாலும் பிரிந்துவிடும். வேதாரண்யம் பக்கம் இலங்கை நிலையங்களும் சேர்ந்துகொள்ளும். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை அறுபது கிலோமீட்டருக்குள்தானே.

வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரத்தால் தூசிதான். செட்டை அணைத்துவிட்டு முழுக்க இருபது தடவை இப்படியும் அப்படியும் திருகினாலே பாதி போகும், மிச்சத்துக்குக் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு.

டிகாஷன் இறங்கியிருக்கும். பாலை ஒரே ஒரு கொதி விட்டு, டம்ளருக்கு 50 மில்லி டிகாஷன், 120 மில்லி பால்.

மிக்ஸிக்கு மட்டும் வழியே இல்லை. உள்ளே கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கொண்டே சுற்றுவதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் மீடியம் வேவ் முழுக்க அலறும். சட்னியைச் செய்திக்கு முன்னாலேயே அரைத்துவிடச் சொல்லுங்கள், அல்லது நீங்களே அரைத்துவிடுங்கள்.