ஆம்ப்லதானே எடுத்தீங்க?

“ஆம்ப்லதானே எடுத்தீங்க?” என்று இசையமைப்பாளர் போனில் கேட்டார். “ஆமா சார்” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

கிட்டார் டிராக்கை எடுத்தது ஆம்ப்பில், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கரில் விடும் பெட்டியில் இல்லை. கிட்டாரை நேரே கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸில் செருகி, கம்ப்யூட்டருக்குள் ஆம்ப் மாதிரி ஒலிக்க வைக்கும் ஒரு ஆம்ப் சிமுலேட்டர் மென்பொருள், அதற்கு அடுத்து ஐஆர், அதாவது ஸ்பீக்கர் கேபினெட்டின் ஒலிக்குணத்தைப் பதிந்து வைத்த கோப்பு. காதில் ஹெட்போன். மணி இரவு பதினொன்றரை. என்னுடைய 15 வாட் வால்வு ஆம்ப் (பழைய பாணிக் கண்ணாடிக் குழாய் போட்டது) பக்கத்திலேயே சும்மா நின்றுகொண்டிருந்தது.

அவர் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்: “சிமுலேட்டர் வேண்டாம், காத்து அசையற சத்தம் வேணும்.” காலையில் டிராக் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் ஆம்ப்பைப் போட்டால் கீழ்வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். முன்பு ஒருமுறை எழுந்தும் இருக்கிறது.

சின்ன ஆம்ப் வாங்கலாமே என்பார்கள். 15 வாட்டை 1.5 வாட்டாகக் குறைத்தாலும் 10 டெசிபல்தான் இறங்கும். காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு வாட்டிலேயே கிட்டார் ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தூரத்தில் நூறு டெசிபலை நெருங்கிவிடும். வால்வு ஆம்ப் இனிப்பதோ வால்யூமை நன்றாகத் திருகி வைத்தால்தான். சுவரில் ஒட்டியிருக்கும் ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளியே போகிற சத்தத்தைத் தடுக்காது. அது தெரியாமல் ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன், அது வேறு கதை.

இவ்வளவும் நியாயம்தான். ஆனால் என்னிடம் ஒரு லோட் பாக்ஸும் இருந்தது. ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டை அதில் கொடுத்தால் அது ஸ்பீக்கர் இடத்தில் நின்று சுமையைத் தாங்கும். ஆம்ப்புக்கும் ஆபத்தில்லை, அறையில் சத்தமும் இல்லை. அதன் லைன் அவுட்டைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து அதே ஐஆரைப் போட்டிருக்கலாம். வயர் மாற்றச் சோம்பல், அவ்வளவுதான். அப்படிச் செய்திருந்தால் நான் சொன்ன “ஆமா” உண்மையாகியிருக்கும். ஆனால் அப்போதும் காற்று அசைந்திருக்காது. அவருக்கு வேண்டியது எது, வால்வா, காற்றா? இந்த இடத்தில்தான் எனக்குக் குழம்புகிறது. ஐஆர் என்பதே, எங்கோ ஓர் அறையில் ஒரு ஸ்பீக்கர் முன் மைக் வைத்து, நிஜமாகக் காற்றை அசைத்து எடுத்த பதிவுதானே. காற்று அசைந்திருக்கிறது, என் வீட்டில் இல்லை, என் கிட்டாருக்காகவும் இல்லை.

வக்கீல் மாதிரி பேசுகிறேன், தெரிகிறது. அவர் கேட்டது ஒலியியல் கேள்வி இல்லை. டிராக் பிடித்துப்போய், “பாருங்க, இதுதான் வித்தியாசம்” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேனா, அடுத்த வேலை போய்விடும் என்று பயந்தேனா? முதலாவது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு நாள் கழித்து கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் நிறுத்தினார். “தம்பி, முந்தாநாள் ராத்திரி என்ன, சுத்தியல் அடிச்ச மாதிரி டொக்கு டொக்குன்னு? பாப்பா தூங்கவே இல்ல.”

என் கால். ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் டிராக்கைக் கேட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரமும் தரையில் தாளம் போட்டிருக்கிறேன். காற்றில் வருகிற சத்தத்தைப் பற்றி அவ்வளவு கணக்குப் போட்டவன், கான்கிரீட் வழியாக இறங்குகிற சத்தத்தை நினைக்கவே இல்லை. இப்போது காலுக்கடியில் தடித்த ரப்பர் பாய், மேலே ஒரு பழைய மெத்தை.

கிட்டாரிலிருந்து நேரே பதிவான, எஃபெக்ட் எதுவும் சேராத டிஐ டிராக் இன்னும் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. எந்த ஸ்டுடியோவிலாவது, பதிந்ததை ஆம்ப்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் ரீஆம்ப் பாக்ஸ் வழியாக நிஜ ஆம்ப்புக்கு அனுப்பி, மைக் வைத்து எடுத்துவிடலாம், வாசிப்பு அதேதான். மிக்ஸ் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. ஆனால் புது டிராக்கை அனுப்பினால், எதற்கு என்று கேட்பார்.